‘நில மீட்பு’ வேண்டாம், ‘கடல் தூர்ப்பு’ என்போமா?

அன்புள்ள நண்பர்களுக்கு,

செயற்கைத் தீவு கட்டும் வேலைக்கான தமிழ்க் கலைச்சொற்களைப் பற்றி நீங்கள் எழுப்பிய கேள்விகளுக்கும் அனுப்பிய சொற்களுக்கும் என் பதில் இது.

> கடலில் மணல் கொட்டித் தீவு கட்டுவதற்கு ‘நில மீட்பு’ என்ற சொல் ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கிறதே, புதிதாக எதற்கு?

புழக்கத்தில் இருப்பது உண்மைதான். ஆனால் மீட்பதென்றால் இழந்ததைத் திரும்பப் பெறுவது. நெதர்லாந்தின் ஹார்லமர்மேர் ஏரி பல நூற்றாண்டுகளாகக் கரையைத் தின்று பெருத்தது. நீராவி எக்கிகளால் அதன் நீரை இறைத்து, 1852இல் தரையை வெளிக்கொணர்ந்தார்கள். அங்கே ‘மீட்பு’ பொருந்தும். துபாயில் பேரீச்ச மர வடிவில் கட்டிய பாம் ஜுமைரா நிற்கும் இடமோ கடலாகவே இருந்தது. 2001இல் வேலை தொடங்கி, கடலடியிலிருந்து ஏறத்தாழ 9.4 கோடி கனமீட்டர் மணலை அள்ளிக் கொட்டி எழுப்பிய தீவு அது. சொகுசு வில்லாக்களுக்காக எழுந்த புது நிலத்தில் யார் எதை மீட்டார்கள்? விளம்பர ஏடுகளுக்கு அந்தச் சொல் இனிக்கலாம். கலைச்சொல்லுக்கு அது பொய்.

என் முன்மொழிவு, ‘கடல் தூர்ப்பு’. கிணறு தானாக மண்ணேறி மேடானால் ‘தூர்ந்துவிட்டது’ என்கிறோம். நாமே மண்ணிட்டு நிரப்பினால் ‘தூர்த்தோம்’ என்கிறோம். இயற்கையாக நிகழ்வது தூர்வு, மனிதர் செய்வது தூர்ப்பு. சேர்வு, சேர்ப்பு போல. பொறியியலுக்கு மிகவும் தேவைப்படும் வேறுபாட்டை ஒரே வேர் தருகிறது. இப்படி உருவாகும் தீவு ‘தூர்ப்புத் தீவு’. ‘செயற்கைத் தீவு’ பொதுப்பெயராகவே இருக்கட்டும். மிதவைத் தீவும் அதில் அடங்கும் அல்லவா? நீரை இறைத்துப் பெறும் நிலத்துக்கு ‘வடிநிலம்’ என்று ஒருவர் எழுதியிருந்தார். ஆற்று வடிநிலத்தோடு குழம்பும் என்பதால் ‘இறைநிலம்’ மேல் என்று தோன்றுகிறது.

> ‘தூர்ப்பு’ பழிச்சொல் போல ஒலிக்கிறது. ஏரியைத் தூர்த்து வீடு கட்டினார்கள் என்றுதானே கேட்கிறோம்?

ஒலிக்கத்தான் செய்கிறது. ஆனால் வினை நடந்ததைச் சொல்கிறது, அவ்வளவே. ‘மீட்பு’ புகழ்ச்சி போல ஒலிப்பதைப் பற்றி யாரும் குறைப்படவில்லையே.

அடுத்தது, மணலை எடுக்கும் பக்கம். இதற்குத் ‘தூர்வாரல்’ ஒத்துவராது. வாய்க்காலில் அடைந்த வண்டலை நீக்குவதுதான் தூர்வாரல். இங்கே வாருவது தூர் அன்று, வேண்டித் தேடி எடுக்கும் மணல். பாலைவன மணல் காற்றில் உருண்டு வழவழப்பாகி ஒன்றோடொன்று பிடித்துக்கொள்ளாது என்பதால்தான் கடலடிக்கே போகிறார்கள். ‘மண்வாரி’ இருப்பதால் ‘மணல்வாரிக் கப்பல்’ என்றால் விளக்கம் வேண்டியதில்லை.

அந்தக் கப்பல் மணலும் நீரும் கலந்த குழம்பை வில் போல வளைத்துப் பீய்ச்சுவதற்கு ‘வானவில்லாக்கம்’ என்று வந்திருந்தது. ‘rainbowing’ என்ற ஆங்கிலப் பெயரின் நிழல் அது. ‘வில்வீச்சு’ போதும். இப்படிக் கொட்டிய மணல் பொலபொலவென்று கிடக்கும். நீண்ட அதிர்கோலை உள்ளே இறக்கி அதிரவைத்தால்தான் துகள்கள் நெருங்கி வீடு தாங்கும். இதற்குத் ‘திமிசு’ என்ற நம் கட்டடத் தொழிலாளர் சொல்லை எடுக்க எனக்கு மிகவும் ஆசை. ஆனால் திமிசு மேலிருந்து இடிப்பது, இது ஆழத்திலிருந்து இறுக்குவது. மனமில்லாமல்தான் ‘அதிர்விறுக்கம்’ என்று எழுதுகிறேன்.

ஒன்று மட்டும் எனக்குப் பிடிபடவில்லை. பாம் ஜுமைராவைச் சுற்றி 11 கிலோமீட்டர் நீளத்தில் பிறை வடிவ அலைதடுப்பு இருக்கிறது. உள்ளே நீர் தேங்கிக் கெட்டுவிடாதிருக்க அதில் வாய்கள் விட்டிருக்கிறார்கள். மர வடிவத் தீவின் மடல்களுக்கு இடையே நிற்கும் அந்த நீருக்கு என்ன பெயர்? கடலோர உப்பங்கழியைக் குறிக்கும் நெய்தலின் ‘கழி’ என்ற சொல் கைக்கு வருகிறது, ‘இடைக்கழி’ என்று எழுதினேன். அது வீட்டின் ரேழியைக் குறிக்கும் ‘இடைகழி’யோடு போய் மோதுகிறது. ‘உட்கழி’ சரிப்படுமா? கடற்கரையில் வளர்ந்தவர்கள் யாராவது சொல்லுங்கள்.