ஸ்கேன் இல்லாத காலத்தில் வலிப்புக்கு மூளையில் எங்கே வெட்டுவது என்று எப்படிக் கண்டார்கள்?

ஹட்டன் டீச்சர்:
உயர்தர உயிரியல் வகுப்புக்கு வலிப்பு அறுவைச் சிகிச்சையின் வரலாற்றைத் தொகுக்கிறேன். எம்.ஆர்.ஐ. 1980களில்தான் ஆஸ்பத்திரிகளுக்கு வந்தது. அதற்கு நூறு வருஷம் முந்தியே மண்டையைத் திறந்திருக்கிறார்கள். இடம் எப்படித் தெரிந்தது?

பேராதனை நரம்பியல்:
வலிப்பே இடத்தைச் சொல்லும், டீச்சர். பெருவிரலில் துடிப்பு தொடங்கி கை, முகம் என்று வரிசையாகப் பரவுவதை ஹியூலிங்ஸ் ஜாக்சன் என்ற ஆங்கிலேய நரம்பியல் டொக்டர் கவனித்தார். மூளையின் மேலடுக்கான புறணியில் கைக்கும் முகத்துக்கும் அடுத்தடுத்து இடம் இருந்தால்தானே அப்படிப் பரவும்? 1870இல் ஜெர்மன் டொக்டர்கள் ஃப்ரிட்ஷும் ஹிட்ஸிக்கும் நாயின் மூளையில் மின்சாரம் கொடுத்து அசைவுக்கென்று தனி இடம் உண்டு என்று காட்டினார்கள். 1886 மே 25ஆம் திகதி லண்டனில் அறுவை நிபுணர் விக்டர் ஹோர்ஸ்லி, சிறுவயதில் மண்டை உடைந்த 22 வயது இளைஞரின் மூளைத் தழும்பை, சுற்றியுள்ள அரை சென்ரிமீற்றர் திசுவோடு எடுத்தார். ஆதிகால மண்டையோட்டுத் துளைகளை இதோடு சேர்க்காதீர்கள். எதற்காகத் துளைத்தார்கள் என்று எலும்பு சொல்லாது.

பண்டாரவளை தாதி:
கனடாவின் மொன்றியலில் மூளை அறுவை நிபுணர் பென்ஃபீல்ட் செய்ததையும் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். தலைத்தோலுக்கு மட்டும் மரப்பூசி. மூளைக்கு வலி தெரியாது, ஆள் விழித்திருப்பார். மின்முனையால் தொடும்போது விரல் அசையும், அல்லது பேச்சு தடைப்படும். தொட்ட இடத்தில் இலக்கமிட்ட சின்னக் காகிதத் துண்டை வைப்பார். பேச்சு தடைப்பட்ட இடத்தை வெட்டாமல் விடுவார்.

ஹட்டன் டீச்சர்:
கைகால் துடிக்காமல், வெறித்துப் பார்த்து வாயைச் சப்புக்கொட்டும் வலிப்பு என்றால்?

பேராதனை நரம்பியல்:
அது பெரும்பாலும் பொட்டு மடலில், அதாவது காதுப் பக்கமுள்ள மூளைப் பகுதியில், தொடங்குவது. மூளையின் மின்னலைகளைப் பதியும் ஈ.ஈ.ஜி.யை ஜெர்மன் டொக்டர் பெர்கர் 1929இல் வெளியிட்ட பிறகுதான் அது பிடிபட்டது. 1951இல் அமெரிக்க டொக்டர்கள் பெய்லியும் கிப்ஸும் ஈ.ஈ.ஜி.யை மட்டும் நம்பி அந்த மடலை வெட்டினார்கள். 1953இல் அமெரிக்க அறுவை நிபுணர் ஸ்கோவில் ஒருவருக்கு, பொட்டு மடலின் உள்ளே இருக்கும் ஹிப்போகாம்பஸ் என்ற பகுதியை இரண்டு பக்கத்திலும் எடுத்தார். வலிப்பு குறைந்தது, ஆனால் அதன்பின் புதிய நினைவு எதுவும் தங்கவில்லை. இப்போது ஒரு பக்கம்தான் எடுப்பார்கள், அதுவும் மற்றப் பக்கம் நினைவைத் தாங்குமா என்று சோதித்த பிறகு. 2001இல் கனடாவில் 80 பேரை வைத்துச் செய்த ஆய்வில், ஒரு வருஷத்தில் சுயநினைவு தப்பும் வலிப்பு நின்றவர்கள் அறுவை செய்யத் தெரிவானவர்களில் 58 வீதம், மருந்து மட்டும் எடுத்தவர்களில் 8 வீதம்.

பண்டாரவளை தாதி:
இன்றைக்கும் முதல் சாட்சி ஆரம்பத்தைப் பார்த்தவர்தான். தோட்டத்து லயத்தில் ஆள் விழுந்த பிறகுதான் எல்லோரும் ஓடி வருவார்கள். வந்ததும் கையில் சாவியைத் திணிப்பார்கள். அதில் பலன் இல்லை, எந்தக் கை முதலில் துடித்தது என்பதும் மறைந்துவிடும். ஆளைப் பக்கவாட்டில் சாய்த்துவிட்டு, போனில் நேரம் தெரிய வீடியோ எடுங்கள். முடிந்த பிறகு எந்தக் கை சோர்ந்திருக்கிறது, பேச்சு எத்தனை நிமிஷத்தில் திரும்பியது என்றும் எழுதி கிளினிக்குக்குக் கொண்டுபோங்கள். பொருத்தமான இரண்டு மருந்தைச் சரியான அளவில் எடுத்தும் நிற்காவிட்டால், அறுவைக்கு ஏற்றதா என்று டொக்டரிடம் கேட்கலாம்.