புதுப்பிப்பு: மேல் கடைவாயில் சைனஸ் லிஃப்ட், எலும்பு ஒட்டு

மேல் கடைவாய்ப் பல் விழுந்த இடத்தில் எலும்பின் உயரம் 4 மி.மீ. மட்டுமே இருப்பதால் உடனே இம்பிளான்ட் (செயற்கைப் பல்லைத் தாங்க எலும்பில் பதிக்கும் திருகு) வைக்க இயலாது என்று மருத்துவர் கூறியதை எழுதி, இங்கே ஆலோசனை கேட்டிருந்தேன். பதிலளித்த அனைவருக்கும் மனமார்ந்த நன்றி.

சிபிசிடி ஸ்கேன் (தாடையின் முப்பரிமாண எக்ஸ்ரே) எடுத்து, முதலில் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் காட்டச் சொன்ன யோசனையே கைகொடுத்தது. மேல்தாடைக்கு மேலே உள்ள காற்றறையான சைனஸின் உட்சவ்வு தடித்திருந்ததால், அதற்கான சிகிச்சை முடிந்த பிறகே பக்கவாட்டு எலும்பில் சிறு சாளரம் திறந்து, சவ்வை மேலே தூக்கி, மாட்டெலும்பிலிருந்து பதப்படுத்திய துகள்களை, எலும்பு வளர்வதற்காக, அதன் அடியில் நிரப்பினார்கள்; இதுதான் சைனஸ் லிஃப்ட்.

தூக்கும்போது சவ்வில் சிறு கிழிசல் விழுந்தது மட்டும் நான் எதிர்பாராதது. இந்த அறுவையில் அதிகம் நேரும் சிக்கல் அதுதானாம். சிறியதாக இருந்ததால் கொலாஜன் என்ற புரதப் படலத்தால் மூடிவிட்டுத் தொடர்ந்தார்கள். மூக்கைச் சிந்தாமல், ஸ்ட்ரா வைத்து உறிஞ்சாமல், தும்மலை அடக்காமல் வாயைத் திறந்தே தும்மியதில் தையல் பிரியவில்லை. வலியைவிட வீக்கமே தொல்லை; கன்னத்தில் கன்றிய நீலம் மஞ்சளாகி மறைந்தது.

சுமார் 6 மாதம் ஆறவிட்டு வைத்த இம்பிளான்ட் அசைவின்றி நிற்கிறது; அதன்மேல் பொருத்தும் செயற்கைப் பல்லான கிரவுன் இனிமேல்தான். 5 மி.மீ.க்கு மேல் எலும்பு உள்ளவர்களுக்குச் சாளரம் திறக்காமல் இம்பிளான்ட் துளை வழியாகவே சவ்வைத் தூக்கும் முறையும் உண்டு என்பதால், உங்கள் ஸ்கேனில் உள்ள அளவை மருத்துவரிடம் அவசியம் கேளுங்கள்.