ஹார்ட்விக் ஹால் போனவர்கள் வாருங்கள்: எது இன்னும் மனதை விட்டுப் போகவில்லை?

மேற்குவாசல்:
வீட்டைப் பற்றி விளக்கப் போவதில்லை, இங்கே எல்லாருக்கும் தெரியும். "சுவரைவிடக் கண்ணாடி அதிகம்" என்று இங்கிலாந்தின் டெர்பிஷயரில் சொல்வழக்காகவே ஆகிப்போன, பெஸ் என்ற சீமாட்டி கட்டிய பழைய மாளிகை வீடு. மூன்று தளமும் ஏறி இறங்கி, கால் கடுக்க வெளியே வந்து புல்வெளியில் நின்றேன். அக்டோபர், மணி நாலு இருக்கும். வெயில் சாய்ந்து மேற்கு முகப்பின் கண்ணாடி அத்தனையும் ஒரே நேரத்தில் தீப்பற்றியது போல் இருந்தது. பக்கத்தில் நின்ற பணியாளர் ஒரு சன்னலைக் காட்டி, "அதற்குப் பின்னால் அறை கிடையாது, புகைபோக்கிதான் போகிறது" என்றார், ஏதோ மழை வரும் என்று சொல்வது மாதிரி. அதுவும் மற்ற சன்னல்களைப் போலவே ஜொலித்துக்கொண்டிருந்தது. வெளிச்சத்துக்காகத்தானே சன்னல் வைப்பார்கள்? அன்றிலிருந்து எந்தப் பழைய வீட்டைப் பார்த்தாலும் முதலில் சன்னலைத்தான் சந்தேகப்படுகிறேன்.

கல்படி:
அது சன்னல் எண்ணிக்கைக்கு ஏற்பப் போட்ட சன்னல் வரிக்குப் பயந்து அடைத்ததாக இருக்கும். இங்கிலாந்து முழுக்க அந்தக் கதைதானே. என்னை உலுக்கியது, இங்கிலாந்தில் சிறைவைக்கப்பட்ட ஸ்காட்லாந்து மேரி ராணியின் அறை. அந்தக் கல்படிக்கட்டு வளைந்து வளைந்து வீட்டுக்குள்ளேயே ஊர்வலம் போகிற மாதிரி மேலே போகும் இல்லையா, அதில் மூச்சு வாங்க ஏறி அந்த அறைக்குள் நுழைந்தேன். கதவுக்கு மேலே ஸ்காட்லாந்துச் சின்னம். இங்கேதான் அந்தப் பெண்ணை அடைத்து வைத்திருந்தார்கள் என்று நினைத்ததும் உடம்பு சிலிர்த்துவிட்டது.

சுண்ணாம்புக்காரன்:
கல்படி, கோபித்துக்கொள்ளாதீர்கள், இரண்டுமே தப்பு. சன்னல் வரி வந்தது 1696இல். இந்த வீடு 1590இல் தொடங்கி 1597இல் குடிபுகுந்தது. நூறு வருஷம் கழித்து வரப்போகிற வரிக்கு யார் பயப்படுவார்கள்? வெளிச்சுவரைக் கண்ணாடிக்கு விட்டுவிட்டுப் புகைபோக்கிகளில் பெரும்பாலானவற்றை உள்நடுச் சுவர்களுக்குள் தள்ளியதுதான் வீட்டை வடிவமைத்த ராபர்ட் ஸ்மித்ஸனின் கெட்டிக்காரத்தனம். அப்படியும் சில இடங்களில் சன்னல் வர வேண்டிய இடத்தில் புகைபோக்கி குறுக்கே வந்தது. முகப்பின் ஒழுங்கு கெடக் கூடாதே என்று பொய்ச் சன்னல் வைத்துவிட்டார்கள். சில சன்னல்கள் ஒன்றாகத் தெரிந்தாலும் பின்னால் இரண்டு தளத்துக்கு வெளிச்சம் தரும்.

மேரி ராணியின் தலையை வெட்டியது 1587இல். இந்த வீட்டுக்கு அப்போது அஸ்திவாரம்கூடப் போடவில்லை! பெஸ் சீமாட்டியின் நாலாவது கணவர் ஷ்ரூஸ்பரி பிரபுதான் ராணியைக் காவலில் வைத்திருந்தவர், அது உண்மை. அந்த அறை பின்னால் வந்தவர்கள் ஆசைப்பட்டுச் சேர்த்துக்கொண்ட கதை.

என் அனுபவம் சின்னது. நீள்கூடத்தில் பைபிளின் கிதியோன் கதை நெய்த திரைகள் 13 தொங்குகின்றன. ஹாட்டன் குடும்பத்திடம் 1592இல் பழையதாக வாங்கியவை. அவர்கள் சின்னம் பிணைமான், அதாவது பெண் மான்; பெஸ் குடும்பத்தின் சின்னம் கொம்புள்ள கலைமான். பெஸ் என்ன செய்தார்? பிணைமானுக்குக் கொம்பு வைத்துவிட்டார். கேடயச் சின்னத்தை மாற்றும் செலவுக்கென்று விலையில் 5 பவுண்டு கழிக்கவும் வைத்தார். அந்தக் கொம்பைப் பார்த்து அந்த அமைதியான கூடத்தில் சத்தமாகச் சிரித்துவிட்டேன், எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். "வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் பண்ணிப் பார்" என்பார்கள். நாலு கல்யாணம் பண்ணி, சாட்ஸ்வொர்த் என்ற இன்னொரு மாளிகையும் கட்டி, எழுபது வயதையொட்டி இங்கே குடிவந்த பெண்மணிக்கு ஒரு பெண் மானை ஆண் மானாக மாற்றுவதா பெரிசு?

கம்பளிச்சட்டை:
எம் 1 நெடுஞ்சாலையில் போகும்போது கோபுர உச்சியில் ஈ.எஸ். (எலிசபெத் ஷ்ரூஸ்பரி, அதாவது பெஸ்) எழுத்துகள் வானத்தில் ஒட்டியது போல் தெரிந்தன. ஓட்டுநரை வண்டியைத் திருப்பச் சொன்னேன். என் கதை அவ்வளவுதான்.

இனிப் போகிறவர்களுக்கு: முதலில் பக்கத்தில் இடிந்து நிற்கும் பழைய ஹாலைப் பாருங்கள். அதையும் பெஸ்தான் கட்டினார், அது முடியும் முன்பே இதைத் தொடங்கிவிட்டார். பழையதில் தேவைக்குத் தேவை ஒட்டு வைத்திருப்பது தெரியும். புதியதன் சமச்சீர் அப்புறம்தான் உறைக்கும். உள்ளே திரைகள் வெளுக்காமல் இருக்க வெளிச்சத்தைக் குறைத்தே வைத்திருப்பார்கள். கண் பழகக் கொஞ்சம் நேரம் கொடுங்கள், உடனே படமெடுக்க ஓடாதீர்கள். தளம் ஏற ஏறச் சன்னலின் உயரம் கூடுவதைக் கவனியுங்கள்: கீழே வேலைக்காரர்கள், நடுவில் குடும்பம், உச்சியில் ராஜ உபசாரம். வெயில் காலமானாலும் கம்பளிச்சட்டை எடுத்துக்கொள்ளுங்கள். அத்தனை கண்ணாடியும் குளிரைத்தான் உள்ளே விடும். வசதியான செருப்பு அவசியம். பெரியவர்களைக் கூட்டிப் போனால் அந்தப் படிக்கட்டு...

மேற்குவாசல்:
அண்ணா, படிக்கட்டு சரி. நான் கேட்க வந்தது வேறு. பொய்ச் சன்னல் மொத்தம் எத்தனை என்று யாராவது எண்ணியிருக்கிறீர்களா? நான் புல்வெளியில் நின்று இரண்டு தடவை எண்ணினேன், இரண்டு தடவையும் வேறு வேறு கணக்கு.