ஆம்ப்ல மாட்டினா கீபோர்டு சத்தம் குகைக்குள்ள இருந்து வருது, அவசரம்

கொத்தமங்கலம்_கீஸ்
நாளை மறுநாள் வீட்டுல சாந்திக் கல்யாணம். ஹெட்போன்ல கீபோர்டு அருமையா கேக்குது. ஆம்ப்ல மாட்டினா பியானோ குகைக்குள்ள வாசிக்கிற மாதிரி சன்னமா வருது. ஸ்டைல் (தானா ஓடுற தாளம்) போட்டா கிக் (பெரிய டிரம்), பாஸ் ரெண்டையும் காணோம், ஹை-ஹேட் (ஜால்ரா மாதிரி தட்டு) மட்டும் சிக்சிக்னு தெளிவா இருக்கு. போதாக்குறைக்கு உர்ர்னு ஒரு இரைச்சல். வயர் புதுசு. சீக்கிரம் சொல்லுங்க.

தேவகோட்டை_ஒலி
எந்தக் கீபோர்டு? ஆம்ப்னா ஆம்ப்ளிஃபயரா, மிக்சரா, பவர்டு ஸ்பீக்கரா? வயரோட ரெண்டு முனையிலயும் என்ன பின்? எந்த ஓட்டையில மாட்டியிருக்கீங்க? இது தெரியாம சொன்னா ஜோசியம்தான்.

வாட்ஸ்_வள்ளல்
ஆம்ப் பத்தல. கிக்குக்கும் பாஸுக்கும்தான் பவர் வேணும். குழாய் ஸ்பீக்கர் கட்டியிருந்தா அதுல பாஸ் வரவே வராது. 15 இஞ்ச் பாக்ஸ் ரெண்டு வாடகைக்கு எடுங்க, முடிஞ்சது.

எர்த்_கம்பி
உர்ர்னு வந்தா எர்த் லூப், எர்த் ரெண்டு வழியா சுத்தி வர்ற இரைச்சல். ஆம்ப் பிளக்குல மூணாவது பின்னைக் கழட்டிட்டு மாட்டிப் பாருங்க, நின்னுடும்.

சால்டர்_சாமி
இந்தக் கேள்வி மாசத்துக்கு ஒண்ணு வருது. மேலே தேடல் பெட்டி அழகுக்கு வைக்கல.
வள்ளல்: பவர் பத்தலன்னா பாஸ் கிழியும், கிக் மட்டும் சுத்தமா மறையாது.
எர்த் பின்னைக் கழட்டச் சொன்னவருக்கு: ஆம்ப்ல உள்ளே லீக் ஆனா அந்த கரண்ட் மைக்கோட இரும்பு உடம்புக்கு வரும். கல்யாண வீட்டுல மைக்கைப் பிடிக்கிறவர் வெறுங்காலோட ஈரத் தரையில நிப்பார். இனிமே யாருக்கும் இதை எழுதாதீங்க.

கொத்தமங்கலம்_கீஸ்
61 கீ. பின்னால ஹெட்போன் ஓட்டை ஒண்ணுதான் இருக்கு. ரேடியோ செட்காரர் வச்ச 8 சேனல் மிக்சர். வயர் கடையில சொல்லிக் கட்டினது, ஒரு முனை பெரிய பின், மறுமுனை மைக்ல மாட்டுற மூணு கால் பின்.

தேவகோட்டை_ஒலி
பெரிய பின்னுல கறுப்பு வளையம் எத்தனை? ஒண்ணா, ரெண்டா?

கொத்தமங்கலம்_கீஸ்
ரெண்டு

தேவகோட்டை_ஒலி
அப்போ அகப்பட்டுச்சு. உங்க கிட்ட இருக்கிறது ஸ்டீரியோ பி-38ல (ரெண்டு வளையப் பெரிய பின்) இருந்து கேனன் (மூணு கால் பின்). கீபோர்டோட ஹெட்போன் ஓட்டையில நுனி லெஃப்ட், ரெண்டு கறுப்புக்கும் நடுவுல உள்ள உலோக வளையம் ரைட், அடி எர்த். கடைக்காரர் அதை பேலன்ஸ்டு மைக் வயர் மாதிரி கட்டியிருக்கார்: நுனி 2ஆம் காலுக்கு, வளையம் 3ஆம் காலுக்கு, அடி 1ஆம் காலுக்கு. மிக்சரோட மைக் இன்புட் 2க்கும் 3க்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும்தான் பெருக்கும். அதாவது லெஃப்டுல இருந்து ரைட்டைக் கழிக்குது. கிக், பாஸ் ரெண்டும் நடுவுல வைக்கிற சத்தம், ரெண்டு பக்கமும் ஒரே அளவு. கழிச்சா பூஜ்யம். ஹை-ஹேட் ஒரு பக்கமா ஒதுங்கி இருக்கும், ரிவெர்ப் (எதிரொலி எஃபெக்ட்) ரெண்டு பக்கமும் வேற வேற, அதனால அது ரெண்டும் தப்பிச்சிடுது. உங்களுக்குக் கேக்குற குகை அந்த ரிவெர்ப்தான்.

முதல்ல மிக்சர்ல 48 வோல்ட் ஃபான்டம் சுவிட்ச் (மைக்குக்கு கரண்ட் அனுப்புறது) ஆன்ல இருக்கான்னு பாருங்க. இருந்தா அணைங்க, இல்லேன்னா அந்த வோல்டேஜ் நேரா ஹெட்போன் அவுட்டுக்குப் போகும். அப்புறம் அந்த வயரை ஓரமா வச்சிடுங்க.

ஒரு ஸ்டீரியோ பி-38, ரெண்டு மோனோ பி-38 (ஒரே கறுப்பு வளையம்), ஷீல்டு வயர் ரெண்டு துண்டு வாங்குங்க. நுனி ஒரு மோனோவோட நுனிக்கு, வளையம் இன்னொரு மோனோவோட நுனிக்கு, ஷீல்டு எல்லாம் அடிக்கு. ரெண்டையும் ரெண்டு சேனல் லைன் இன்புட்ல (மைக் ஓட்டை இல்ல) மாட்டி, பேன் (இடது-வலது) குமிழை ஒண்ணு முழு இடது, ஒண்ணு முழு வலது வைங்க. ஸ்பீக்கர் மோனோவா ஓடுதுன்னா ரெண்டும் நடுவிலேயே இருக்கட்டும்.

வாட்ஸ்_வள்ளல்
இதுக்கு இவ்வளவு எதுக்கு? ஒரு மோனோ பி-38 வயரை நேரா மாட்டினா வேலை முடிஞ்சது.

சால்டர்_சாமி
மோனோ பின்னுக்கு நடு வளையம் கிடையாது. அதோட அடிப்பாகம் ரைட் அவுட்டை எர்த்தோட சேர்த்து ஷார்ட் பண்ணிடும். பெரும்பாலான கீபோர்டுல உள்ளே ரெசிஸ்டர் இருக்கும், உடனே புகையாது. ஆனா ரைட்ல இருக்கிறது எதுவும் வராது. லெஃப்ட், ரைட் கம்பியை நேரா முறுக்கி ஒண்ணாக்குறதும் அதே தப்பு, ரெண்டு அவுட்புட்டும் ஒண்ணையொண்ணு தள்ளும்.

மிக்சர் இல்லாம ஆம்ப்ல ஆக்ஸ் ஆர்சிஏ (டிவி, பிளேயர் மாட்டுற ஓட்டை) ஒண்ணுதான் இருக்குன்னா, கால் வாட் 1 கிலோ ஓம் ரெசிஸ்டர் ரெண்டு வாங்கு. மேலே கோடு பழுப்பு, கறுப்பு, சிவப்பு. நுனியில ஒண்ணு, வளையத்துல ஒண்ணு. மறுமுனைகளைச் சேர்த்து ஆர்சிஏ நடுப் பின்னுக்கு, எர்த்தை வெளி வளையத்துக்கு. ஆக்ஸ்லதான் மாட்டணும். மைக் ஓட்டை சில மில்லிவோல்ட் எதிர்பார்க்கும், ஹெட்போன் அவுட் அதைப் போல நூறு மடங்கு தரும். கெயினை அடியில வச்சாலும் கிழியும்.

கண்டனூர்_காது
யமஹா பிஎஸ்ஆர்-ஈ373 மாதிரி ஹெட்போன் ஓட்டை ஒண்ணு மட்டும் உள்ள மாடலுக்குத்தான் இந்தப் பாடு. ஈ473ல லெஃப்ட், ரைட் தனித்தனி. அதுல லெஃப்ட்ல மட்டும் மாட்டினா அதுவே ரெண்டையும் சேர்த்துக் கொடுத்துடும்.
இன்னொண்ணு, செட்டிநாட்டு வீட்டு வளவுல, அதாவது முற்றத்தைச் சுத்தின பகுதியில வாசிக்கிறதா இருந்தா கீபோர்டு ரிவெர்ப்பை சுத்தமா அணைச்சிடுங்க. ஆத்தங்குடிக் கல், முட்டை வெள்ளைக்கரு பூசின சுவர், எல்லாமே சத்தத்தைத் திருப்பி அடிக்கும்.

எர்த்_கம்பி
வெள்ளைக்கருவுக்கும் எதிரொலிக்கும் என்னண்ணே சம்பந்தம்? கெட்டியா வழவழன்னு இருக்கிற எந்தச் சுவரும் அப்படித்தான். வளவு நடுவுல வானம் பார்த்த முற்றம் இருக்கு, பாதி சத்தம் மேலே போயிடும். நாலு பக்கமும் அடைச்ச கூடம்தான் மோசம்.

கண்டனூர்_காது
கல்யாணத்துக்கு முற்றத்துக்கு மேல தகரமோ தார்ப்பாயோ போட்டுடுவாங்களே, அப்போ வானம் எங்க?

எர்த்_கம்பி
தகரம்னா நீங்க சொல்றது சரி. தார்ப்பாயில பாஸ் வெளியே போயிடும்.

சால்டர்_சாமி
வீடு கட்டுறதுக்குத் தனி இழை இருக்கு.

தேவகோட்டை_ஒலி
உர்ர் சத்தத்துக்கு: அடாப்டரைக் கழட்டிட்டு பேட்டரியில ஓட்டிப் பாருங்க, ஈ373க்கு டபுள் ஏ 6. சத்தம் நின்னா அது அடாப்டர் வழியாத்தான் வருது. அப்போ கீபோர்டு, மிக்சர், ஆம்ப் மூணையும் ஒரே எக்ஸ்டென்ஷன் போர்டுல, எர்த் இருக்கிற பாயின்ட்ல மாட்டுங்க. பழைய வீட்டுல மூணு ஓட்டை பாயின்ட் இருந்தாலும் உள்ளே எர்த் கம்பி இல்லாம இருக்கும், வயர்மேனை வச்சுப் பார்த்துக்குங்க. பேட்டரியிலயும் வந்தா வயர் ஷீல்டு விட்டிருக்கு, இல்ல கெயின் அதிகம். கீபோர்டு வால்யூமை முக்கால்ல வச்சு மிக்சர் கெயினைக் குறைங்க. முகப்புல (வாசல் பக்கம்) வாசிச்சு மிக்சர் ரெண்டாம் கட்டுல (வீட்டுக்குள்ள தள்ளி) இருக்குன்னா இந்த வயரை நீட்டாதீங்க, 5 மீட்டருக்கு மேல இரைச்சலை இழுக்கும். ஸ்டீரியோ டிஐ பாக்ஸை (சிக்னலை மைக் வயருக்கு ஏத்த மாதிரி மாத்துற பெட்டி) கீபோர்டு பக்கத்துல வச்சு, அங்கிருந்து ரெண்டு கேனன் வயர் மைக் இன்புட்டுக்கு.

கீபோர்டுல மாஸ்டர் இக்யூ (மொத்த டோன் செட்டிங்) ஸ்பீக்கர்ல இருந்தா ஹெட்போனுக்கு மாத்துங்க, வெளி ஸ்பீக்கருக்கும் அதுதான்.

கொத்தமங்கலம்_கீஸ்
கிக் வந்துருச்சு!! ரெண்டு சேனல்ல போட்டேன். பேட்டரியில உர்ர் இல்ல, அடாப்டர்ல இருக்கு. நன்றிண்ணே

தேவகோட்டை_ஒலி
கீபோர்டோட வந்த அடாப்டரா, வெளியே வாங்கினதா? அதுல எத்தனை வோல்ட் போட்டிருக்கு?

வாட்ஸ்_வள்ளல்
ஆள் பந்திக்குப் போயிட்டார் போல.

புதுவயல்_புதுசு
அண்ணே, இதே மாதிரி போன்ல இருந்து இபி பின் (சின்ன ஹெட்போன் பின்) போட்டு கேனன்ல கட்டின வயர். அதுலயும் பாட்டுல பாடுறவர் குரலையே காணோம். இதே கதையா?

சால்டர்_சாமி
மேலே இருந்து படி.