“எனக்கு ரெண்டு அம்மா” என்று குழந்தை வகுப்பில் சொன்னால்: ஃப்ளோரிடா சட்டம் நடைமுறையில் (அனுபவப் பகிர்வு)

டாம்பா

ரெண்டு அம்மா, ரெண்டு அப்பா உள்ள குடும்பங்களைப் பற்றி வகுப்பில் பேசுவதைக் கட்டுப்படுத்தும் சட்டம் உள்ளே எப்படி ஓடுகிறது என்று தெரிந்தவர்கள் எழுதவும். அரசியல் பேச வேண்டாம் என்று சொல்லவில்லை. எந்தச் சட்டம், எந்த வகுப்பு, எந்தத் தேதி என்று சொல்லிவிட்டுப் பேசுங்க. புகார் கொடுத்தால் அது எப்படிப் போகும் என்றும் சொல்லுங்க. வாட்ஸ்ஆப் ஃபார்வர்டு ரெண்டு ரகமாத்தான் வருது: ஒன்று, “வாயே திறக்கக் கூடாதாம்”, இன்னொன்று, “சும்மா மூணாங்கிளாஸ் வரைக்கும்தான், விடுங்க”. ரெண்டையும் நம்பி ஸ்கூலுக்குப் போய் நிற்காதீங்க.

ஜாக்சன்வில், தொடக்கப்பள்ளி ஆசிரியர்

“மூணாங்கிளாஸ் வரைக்கும்” என்பவர்கள் 2022-லேயே நின்றுவிட்டார்கள். 1557-ஆம் மசோதாவில் ஆளுநர் ரான் டிசாண்டிஸ் 2022 மார்ச் 28-ல் கையெழுத்துப் போட்டார். ஜூலை 1 முதல் அமல். கிண்டர்கார்டன் முதல் 3 வரை பாலின ஈர்ப்பு, பாலின அடையாளம் பற்றி வகுப்பறைப் போதனை கூடாது, அதற்கு மேலே வயதுக்குப் பொருந்தாத விதத்தில் கூடாது என்பதுதான் அன்றைக்கு இருந்தது. 2023 ஏப்ரல் 19-ல் மாநிலக் கல்வி வாரியம் ஆசிரியர் நடத்தை விதியைத் திருத்தி 4 முதல் 12 வரை நீட்டியது. மாநிலப் பாடத்திட்டமே கேட்டால் எடுக்கலாம். பெற்றோர் பிள்ளையை விலக்கிக்கொள்ளக்கூடிய இனப்பெருக்க நலப் பாடம் என்றாலும் எடுக்கலாம். அந்த ஆண்டே ஜூலை 1 முதல் 1069-ஆம் மசோதா வந்து, சட்டத்தின் தடையை ப்ரீ-கே (கிண்டர்கார்டனுக்கு முந்தைய வகுப்பு) முதல் 8 வரை ஆக்கிவிட்டது. சட்டத்தை மீறினால் வழக்கு டிஸ்ட்ரிக்ட் (பள்ளிகளை நடத்தும் பள்ளி மாவட்டம்) மேல் வரும். நடத்தை விதியை மீறினால் ஆசிரியரின் சான்றிதழுக்கே ஆபத்து. ஸ்டாஃப் ரூமில் பயம் இரண்டாவதைப் பற்றித்தான்.

சட்டம் எது போதனை என்று வரையறுக்கவில்லை. ஏறக்குறைய ரெண்டு வருஷம் ஆளாளுக்கு ஒரு அர்த்தம் சொன்னார்கள். மேஜையில் கணவர் படம் வைத்திருக்கும் ஆண் ஆசிரியர் அதை எடுத்து டிராயரில் போட வேண்டுமா என்ற கேள்விக்குக்கூட பிரின்சிபால்களிடம் ஒரே பதில் இல்லை. 2024 மார்ச் 11-ல் வழக்கு சமரசத்தில் முடிந்தபோதுதான் எழுத்தில் பதில் கிடைத்தது. வழக்குப் போட்டது ஈக்வாலிட்டி ஃப்ளோரிடா அமைப்பும் சில பெற்றோர், ஆசிரியர், மாணவர்களும். சட்டம் நீக்கப்படவில்லை, ஒரு வரிகூட மாறவில்லை. டிசாண்டிஸ் தரப்பும் வெற்றி என்றது, எதிர்த்தரப்பும் வெற்றி என்றது. கிடைத்தது விளக்கம் மட்டும். மாநிலத்தின் 67 டிஸ்ட்ரிக்டுக்கும் அதை அனுப்ப வேண்டும் என்பதும் சமரசத்தில் உண்டு.

அந்த விளக்கத்தின்படி, கதையில் தன்பாலினத் தம்பதி வந்து போவது போதனை இல்லை. மாணவர் கட்டுரையில் தன் குடும்பத்தைப் பற்றி எழுதுவது, வகுப்பில் பேச்சுவாக்கில் சொல்வது, ஆசிரியர் தன் துணையைக் குறிப்பிடுவது எல்லாம் சரி. கேலி, மிரட்டலைத் தடுக்கலாம், அதற்குச் சட்டம் குறுக்கே நிற்காது. கூடைக்கணக்கில் ஆப்பிளைக் கூட்டச் சொல்லும் கணக்கு ஆப்பிள் விவசாயப் பாடம் ஆகிவிடாது என்ற உவமை அந்த ஆவணத்திலேயே இருக்கிறது. தடை ஆண்-பெண் ஈர்ப்புக்கும் ஒரேபோலத்தான் என்றும் எழுதியிருக்கிறார்கள். இதை யாரும் ஃபார்வர்டு செய்வதில்லை!

ரெண்டாம் வகுப்பில் இது எப்படி வரும் என்றால், கணக்கு நடுவே ஒரு பிள்ளை கேட்கும்: “மிஸ், அவளுக்கு மட்டும் ஏன் ரெண்டு அம்மா?” பதில் ஒரே வாக்கியம்: “அவங்க வீட்டுல ரெண்டு அம்மா. சரி, ஏழாவது கணக்குக்கு வா.” உள்ளதைச் சொல்லியாச்சு, அந்தப் பிள்ளை தலைகுனியவும் இல்லை. தப்பு ரெண்டு விதமாக நடக்கும். “அதையெல்லாம் இங்கே பேசக் கூடாது” என்று அடக்குவது ஒன்று. சட்டம் அதைக் கேட்கவில்லை, அதோடு அந்தக் குழந்தையின் வீடே ஏதோ குற்றம் என்று மற்ற இருபது பிள்ளைகளும் புரிந்துகொள்ளும். ரெண்டாவது, “நல்ல கேள்வி” என்று புத்தகத்தை எடுத்து வைத்து, போர்டில் குடும்ப வகைகளை எழுதி விளக்கப் போவது. அது போதனைதான். கேள்விக்குப் பதில் சொல்வதும் பாடமாக எடுப்பதும் மாறும் இடம் அந்த மார்க்கர் பேனாவைக் கையில் எடுக்கும் நொடி.

ஃபேமிலி ட்ரீ தாளில் “அம்மா”, “அப்பா” என்று அச்சடித்த ரெண்டு பெட்டி இருந்தால் பிரச்சினை அங்கேயே தொடங்கிவிடும். “வீட்டில் என்னோடு இருப்பவர்கள்” என்று நான்கைந்து வெற்றுப் பெட்டி வைத்தால் போதும். பாட்டியிடம் வளரும் பிள்ளைக்கும் அது சரியாக வரும். மதர்ஸ் டே அட்டைக்கு ஒரு பிள்ளை ரெண்டு தாள் கேட்டால் ரெண்டு தாள் கொடுங்க, விளக்கம் வேண்டாம்.

சினிமா மட்டும் தனி விஷயம். 2023-ல் ஹெர்னாண்டோ கவுண்டியில் ஐந்தாம் வகுப்பில் டிஸ்னியின் ‘ஸ்ட்ரேஞ்ச் வேர்ல்ட்’ போட்ட ஆசிரியர் மேல் மாநிலக் கல்வித் துறை விசாரணை வந்தது. பாடம் சூழலியல். பிஜி (பெற்றோர் வழிகாட்டுதலோடு பார்க்கலாம் என்ற சான்று) படங்களுக்குப் பெற்றோர் கையெழுத்திட்ட பொது அனுமதியும் இருந்தது. படத்தில் ஒரு பையனுக்கு இன்னொரு பையன்மேல் விருப்பம், அவ்வளவுதான் விவகாரம். பொது அனுமதித் தாளை நம்பாதீங்க. படத்தின் பெயர், பாடத்தோடு உள்ள தொடர்பு, எந்தப் பகுதி என்று எழுதி பிரின்சிபாலின் ஒப்புதலை இமெயிலில் வாங்கிக்கொள்ளுங்க. வெளியாள் வந்து கதை வாசித்தாலும் இதே கவனம் வேண்டும், சட்டம் “மூன்றாம் தரப்பினர்” என்று சேர்த்தே சொல்கிறது.

ஆர்லாண்டோ, பள்ளி நூலகம்

அக்கா சொன்னது வகுப்பறை. நூலகக் குழப்பம் வேறு ரகம், ஏனென்றால் ஜனங்கள் மூன்று சட்டத்தை ஒன்றாகப் பிசைந்துவிடுகிறார்கள். 1557 போதனை பற்றியது. 2022-லேயே வந்த 1467 நூல் தேர்வு பற்றியது: பயிற்சி பெற்ற மீடியா ஸ்பெஷலிஸ்ட்தான் (பள்ளி நூலகர்) தேர்ந்தெடுக்க வேண்டும், தொடக்கப்பள்ளி தன் நூல் பட்டியலை இணையத்தில் போட வேண்டும். அக்கா சொன்ன 1069-ன் இன்னொரு பகுதி நூல்மேல் வரும் ஆட்சேபம் பற்றியது. இவை போக, சிறுவர்களுக்கு ஆபாசப் பொருள் கொடுப்பது மூன்றாம் நிலை ஃபெலனி (கடுங்குற்றம்) என்று பழைய குற்றச் சட்டம் ஒன்று இருக்கிறது, ஐந்து வருஷம் வரை சிறை. ரெண்டு அப்பா உள்ள பட நூல் அந்தச் சட்டத்துக்குள் வரவே வராது. ஆனாலும் 2023 ஜனவரியில் மனாட்டீ கவுண்டியில் ஆசிரியர்கள் வகுப்பு அலமாரிகளைக் காகிதம் ஒட்டி மூடியதற்கு அந்த “ஃபெலனி” என்ற சொல்தான் காரணம். சரிபார்க்காத நூல் எதுவும் பிள்ளை கையில் போகக் கூடாது என்றார்கள், சரிபார்க்க ஆள் போதவில்லை, மூடிவிட்டார்கள்.

லேக் கவுண்டிதான் பாடப்புத்தக உதாரணம். நியூயார்க் சென்ட்ரல் பார்க் விலங்குக் காட்சியகத்தில் ரெண்டு ஆண் பென்குவின்கள் சேர்ந்து ஒரு குஞ்சை வளர்த்த கதையைச் சொல்லும் ‘அண்ட் டேங்கோ மேக்ஸ் த்ரீ’, 1557-ஐக் காரணம் காட்டி 3-ஆம் வகுப்பு வரை தடுக்கப்பட்டது. வழக்கு வந்ததும் மாநிலமே, “இந்தச் சட்டம் போதனைக்கு, நூலகத்துக்கு இல்லை” என்றது. 2023 ஜூனில் தடை எடுக்கப்பட்டது. அதாவது சட்டம் கேட்காததை டிஸ்ட்ரிக்ட் தானாக முன்வந்து செய்தது. நான் பார்க்கிற வரையில் சட்டத்தின் நேரடி விளைவைவிட இந்த முன்னெச்சரிக்கை விளைவுதான் பெரிது. நாசோ (Nassau) கவுண்டியிலும் 2024 செப்டம்பரில் வேறொரு வழக்கின் சமரசத்துக்குப் பிறகு இதே நூல் உட்பட 36 நூல்கள் அலமாரிக்குத் திரும்பின.

ஆட்சேபம் வரும் வழி: பெற்றோரோ அந்தக் கவுண்டியில் வசிப்பவரோ படிவம் தரலாம். 1069-ல் எழுதியிருக்கிறபடி, ஆபாசம் அல்லது பாலுறவுச் சித்தரிப்பு என்ற காரணத்தை டிக் செய்தால் 5 பள்ளி நாளுக்குள் நூலை எடுக்க வேண்டும், முடிவு வரும்வரை திரும்ப வைக்க முடியாது. அதனால் படிவத்தில் எந்தக் கட்டம் டிக் ஆகியிருக்கிறது என்பதை முதலில் பாருங்க. ரெண்டு அம்மா வருகிறார்கள் என்பது அந்தக் காரணம் ஆகாது. பக்க எண் கேளுங்க. ஒரே ஆள் நூற்றுக்கணக்கில் படிவம் கொடுத்த பிறகு 2024-ல் திருத்தம் வந்தது, அந்த டிஸ்ட்ரிக்டில் பிள்ளை படிக்காதவர் மாதத்துக்கு ஒன்றுதான் தர முடியும்.

மேரிலாந்து, மான்ட்கமரி கவுண்டி

நான் மறுபக்கம். ஆசிரியர் குடும்பத்தை மறைக்க வேண்டும் என்று எந்த நியாயமான பெற்றோரும் கேட்கவில்லை. ஐந்து வயதுப் பிள்ளைக்குக் கதைக்கும் பாடத்துக்கும் வித்தியாசம் தெரியாது. மிஸ் படித்தால் அது உண்மை. அதனால் முன்கூட்டியே சொல்லுங்க என்பதுதான் கோரிக்கை. எங்கள் டிஸ்ட்ரிக்ட் 2022-23-ல் இந்த மாதிரிக் குடும்பங்கள் வரும் கதை நூல்களைக் கொண்டுவந்தபோது பெற்றோர் விலக்கிக்கொள்ள அனுமதித்தது. 2023 மார்ச்சில் இனி விலக்கு இல்லை என்றது. முஸ்லிம், உக்ரேனிய ஆர்த்தடாக்ஸ், கத்தோலிக்கப் பெற்றோர் சேர்ந்து போன வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 2025 ஜூன் 27-ல் 6-3 என்று பெற்றோர் பக்கம் வந்தது. தீர்ப்பு எழுதியவர் நீதிபதி அலிட்டோ. வழக்கு முடியும்வரை அந்த நூல்களோ அதுபோன்றவையோ பயன்படுத்தும் முன் தகவல் தர வேண்டும், பிள்ளையை வெளியே அனுப்ப அனுமதிக்க வேண்டும் என்றது தீர்ப்பு. நூலைத் தடைசெய்யச் சொல்லவில்லை என்பதைக் கவனிக்கணும். ஃப்ளோரிடா எல்லாப் பிள்ளைக்கும் சேர்த்துப் பாடத்தையே நிறுத்துகிறது, இங்கே ஒரு பிள்ளை மட்டும் எழுந்து போகிறது. இரண்டையும் ஒரே கட்டில் கட்டாதீங்க.

ஜாக்சன்வில்

அண்ணா, வித்தியாசம் ஒத்துக்கொள்கிறேன், விலக்கு தடையைவிட மேல். ஆனால் இருபது பேர் வகுப்பில் ஆறு பேர் எழுந்து லைப்ரரிக்குப் போகும்போது, அந்தக் கதையில் வருவது போன்ற வீட்டிலிருந்து வந்த பிள்ளை உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கும். உங்க கவுண்டி கல்வி வாரியம் விலக்கை நிறுத்தியதற்குச் சொன்ன காரணங்களில் அதுவும் ஒன்று. எண்ணிக்கை கூடி சமாளிக்க முடியவில்லை என்பது இன்னொன்று. செய்வதானால், அந்த நேரத்தில் வகுப்பையே ரெண்டு மூன்று வாசிப்புக் குழுவாகப் பிரித்து வெவ்வேறு நூல் கொடுங்க. யார் ஏன் எங்கே போனார்கள் என்று தெரியாது.

லண்டன், ஹாரோ

இங்கே இதே படம் முன்னாடியே ஓடிவிட்டது. தன்பாலின ஈர்ப்பை ஊக்குவிக்கக் கூடாது என்று 1988-ல் வந்த செக்‌ஷன் 28 உள்ளாட்சிகளைத்தான் கட்டுப்படுத்தியது, ஆசிரியரை நேரடியாக இல்லை. அதன்கீழ் ஒரு வழக்குகூட வெற்றிபெறவில்லை. ஆனாலும் ஸ்காட்லாந்தில் 2000 வரை, இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2003 நவம்பர் வரை ஸ்டாஃப் ரூம்கள் வாயை மூடிக்கொண்டன. கேலி செய்யப்பட்ட பையனுக்கு ஆறுதல் சொல்லலாமா என்றுகூட யோசித்தார்கள். ஆர்லாண்டோ நண்பர் சொன்ன முன்னெச்சரிக்கை விளைவு அப்படியே பொருந்தும்.

டல்லஸ்

ஃப்ளோரிடா சமரசத்தை டெக்சாஸில் காட்டாதீங்க, செல்லாது. இங்கே 2025 செப்டம்பர் 1 முதல் அமலான எஸ்பி 12 (செனட் மசோதா 12) பன்னிரண்டாம் வகுப்பு வரை போகிறது. போதனையோடு நிற்காமல் வழிகாட்டுதல், நிகழ்ச்சி, செயல்பாடு என்றும் சேர்க்கிறது. பாலின ஈர்ப்பு அடிப்படையிலான மாணவர் சங்கங்களுக்குப் பள்ளி அனுமதி தரக் கூடாது. ஃப்ளோரிடாவில் அந்தச் சங்கங்கள் நடக்கலாம் என்று சமரசத்திலேயே இருக்கிறது.

ஆர்லாண்டோ

கடைசியாகக் கேட்டிருந்தீங்க, ஃப்ளோரிடாவில் புகார் எப்படிப் போகும் என்று. பெற்றோர் பிரின்சிபாலிடம் எழுத்தில் கொடுத்தால் 7 நாளில் தீர்க்கணும். தீரவில்லை என்று தெரிவித்தால் அடுத்த 30 நாளில் டிஸ்ட்ரிக்ட் தீர்க்கணும், இல்லை ஏன் முடியாது என்று எழுதித் தரணும். அதன் பிறகு ரெண்டு வழி. கல்வி ஆணையரிடம் சிறப்பு நடுவர் கேட்கலாம், செலவு டிஸ்ட்ரிக்டுடையது. அல்லது நேரே நீதிமன்றம் போகலாம், பெற்றோர் ஜெயித்தால் வக்கீல் செலவு டிஸ்ட்ரிக்ட் தலையில். தோற்றால் பெற்றோர் அப்படிக் கொடுக்க வேண்டும் என்று இந்தப் பிரிவில் இல்லை. டிஸ்ட்ரிக்டுகள் ஏன் முதல் இமெயிலுக்கே நூலை எடுத்து ஒளித்து வைக்கின்றன என்பதற்கு விடை இந்தச் செலவுக் கணக்கில் இருக்கிறது.

பிள்ளையின் குடும்பப் படத்தைச் சுவரிலிருந்து எடுத்துவிட்டார்கள் என்றால் ரெண்டு அம்மா உள்ள வீடும் முதலில் பிரின்சிபாலிடம் எழுத்தில் போகலாம். இமெயிலில் தேதி, வகுப்பு, எடுத்தவர் சொன்ன காரணம், 2024 சமரசத்தின் நகல் எல்லாம் சேர்த்து, “எந்த விதியின்கீழ் எடுத்தீர்கள்” என்று ஒரு கேள்வி மட்டும் கேளுங்க. நீளமாக எழுதினால் நீளத்துக்குத்தான் பதில் வரும்.