பத்து ஆண்டில் கணினியின் டவர் கேபினெட் இருக்குமா?

தகரடப்பா:
1995-இல் இன்டெல் ஏடிஎக்ஸ் அளவுகளை (மதர்போர்டுக்கும் கேபினெட்டுக்குமான பொதுத் தரம்) வகுத்தபோது கிராபிக்ஸ் கார்டு பெரும்பாலும் விசிறிகூட இல்லாத ஒரு பலகை. இன்று ஆர்டிஎக்ஸ் 5090 கார்டு ஒன்றே 575 வாட் இழுக்கிறது. விளையாடும்போது பிராசசர் அதில் பாதிகூட இழுப்பதில்லை. கேபினெட் மட்டும் இன்னும் பிராசசரைச் சுற்றியே கட்டப்படுகிறது. 2 கிலோவைத் தாண்டும் கார்டு ஒரு ஸ்லாட்டையும் இரண்டு ஸ்க்ரூவையும் நம்பித் தொங்குகிறது, அது சாயாமலிருக்க முட்டுக்குச்சி வேறு. என் கணிப்பு சாண்ட்விச் அமைப்புதான்: மதர்போர்டும் கார்டும் முதுகோடு முதுகாக, இடையில் ஸ்லாட்டையும் கார்டையும் இணைக்கும் ரைசர் கேபிள். 45 லிட்டர் பெட்டி 15 லிட்டருக்குள் அடங்கிவிடும்.

ஸ்க்ரூடிரைவர்:
இந்தப் பாட்டை முன்பே கேட்டாயிற்று நண்பரே. வெப்பத்தைச் சமாளிக்கத்தான் இன்டெல் 2004-இல் ஏடிஎக்ஸுக்கு மாற்றாக பிடிஎக்ஸ் என்ற தரத்தைக் கொண்டுவந்தது. முன்னால் ஒரு பெரிய விசிறி, அதன் நேர்கோட்டில் பிராசசர், பின்னால் மற்றவை. காற்றோட்டத்தில் குறை சொல்ல முடியாத அமைப்பு. ஆனால் சூடான பென்டியம் 4 போய், குறைந்த வாட்டில் ஓடும் கோர் 2 வந்ததும் அதற்குத் தேவையே இல்லாமல் போனது. 2006-இல் இன்டெல்லே கைவிட்டது. போர்டு, கேபினெட் இரண்டையும் ஒருசேர மாற்றச் சொன்னால் யாரும் மாற்ற மாட்டார்கள்.

ரைசர் பற்றி ஒரு வார்த்தை. கார்டு செருகும் ஸ்லாட்டின் தரம் பிசிஐ எக்ஸ்பிரஸ். அதன் 3.0 பதிப்புக் கேபிளில் 4.0 கார்டை மாட்டினால் பல சமயம் திரையே வராது, அல்லது விளையாட்டின் நடுவில் கருப்பாகும். போர்டின் சொந்த வீடியோ போர்ட்டில் மானிட்டரைச் செருகி, பயாஸில் (போர்டின் அமைப்புத் திரை) ஸ்லாட் வேகத்தை ஜென் 3, அதாவது 3.0 என்று கையால் வைத்தால்தான் வழிக்கு வரும். 5.0-இல் வேகம் ஒரு தடத்துக்கு வினாடிக்கு 32 ஜிகா டிரான்ஸ்ஃபர், அதாவது 3.0-ஐப் போல நான்கு மடங்கு. கேபிளில் ஒரு கூர்மையான மடிப்பு விழுந்தாலே பிழை எகிறும். இதை எல்லார் வீட்டுக்கும் பொதுத் தரமாக்குவதா?

காற்றுவழி:
கொஞ்சம் கணக்குப் போடுவோம். கார்டு, பிராசசர், மற்றதெல்லாம் சேர்ந்து 800 வாட். உள்ளே வரும் காற்று 10 டிகிரி மட்டும் சூடாகி வெளியேற வேண்டுமென்றால் மணிக்கு ஏறத்தாழ 240 கன மீட்டர் காற்று தேவை. நல்ல 120 மிமீ விசிறி நிமிடத்துக்கு 2000 சுற்றில், எதிரே தடையே இல்லாதபோது, 100 கன மீட்டர் தள்ளும். 1200 சுற்றில் 60. வலையும் தூசி வடிகட்டியும் வந்தால் இன்னும் குறையும். அப்படியானால் அமைதியாக ஓட ஆறு விசிறியாவது வேண்டும். எண்ணிக்கையைக் குறைத்து 2000 சுற்றுக்கு ஏற்றினால் ஒவ்வொரு விசிறியின் சத்தமும் சுமார் 11 டெசிபல் கூடும். 15 லிட்டரில் ஆறு விசிறியை எங்கே வைப்பீர்கள்?

தகரடப்பா:
டவரின் கணக்கை வைத்துச் சாண்ட்விச்சை அளக்கிறீர்கள். அங்கே கார்டின் விசிறிகளே பக்கவாட்டு வலை வழியாக வெளிக்காற்றை நேராக உறிஞ்சுகின்றன. முன்பக்கத்திலிருந்து காற்றைத் தள்ளிக்கொண்டுவரும் வேலையே இல்லை. மேலே சூடான காற்றை வெளியேற்ற இரண்டு விசிறி போதும். ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும்: கார்டு விசிறிக்கும் வலைக்கும் சில மில்லிமீட்டர்தான் இடைவெளி என்றால் ஊளைச் சத்தம் வரும். அதிக இடைவெளி விட்டால் கார்டு கக்கிய சூட்டையே திரும்ப இழுக்கும். இடைவெளி விட்டு, அதன் ஓரத்தைச் சுற்றிலும் ஃபோம் பட்டை ஒட்டினால் இரண்டும் தீரும். கண்ணாடிக் கதவு போட்டுவிட்டுக் கார்டு சூடாகிறது என்று புலம்புகிறவர்களுக்கு என்னிடம் மருந்து இல்லை.

காற்றுவழி:
கார்டு வரை ஒப்புக்கொள்கிறேன். பிராசசர் பக்கம்? அந்தத் தடிமனில் 70 மிமீ கூலர் நுழைந்தால் பெரிது. டவரில் 160 மிமீ கூலர் தாராளமாக நிற்கிறது.

சில்லுவண்டு:
இருவரும் பெட்டிக்குச் சண்டை போடுகிறீர்கள், பெட்டிக்குள் போக வேண்டியதே குறைந்துகொண்டிருக்கிறது. 2025-இல் வந்த ஃப்ரேம்வொர்க் டெஸ்க்டாப் வெறும் 4.5 லிட்டர். பிராசசரும் கிராபிக்ஸும் ஒரே சில்லில், 128 ஜிபி வரை மெமரி. மெமரி அகலம் 256 பிட், வேகம் வினாடிக்கு 256 ஜிபி. வழக்கமான டெஸ்க்டாப்பில் இரண்டு சேனலில் ஓடும் டிடிஆர்5-6000 மெமரி தருவது 96 மட்டுமே.

ஸ்க்ரூடிரைவர்:
அந்த வேகத்துக்கு விலை என்ன தெரியுமா? மெமரி போர்டிலேயே பற்றவைத்தது. 32 ஜிபி வாங்கினால் கடைசிவரை 32தான், ஒரு சில்லு போனால் போர்டே போச்சு. 2013-இல் ஆப்பிள் மேக் ப்ரோவை உருளையாகச் செய்தது. ஒரு பிராசசர், இரண்டு கிராபிக்ஸ், மூன்றுக்கும் நடுவே சூட்டை வாங்கும் ஒரே முக்கோண உலோக ஹீட்சிங்க், மேலே ஒரே விசிறி. அடுத்து வந்த ஒற்றைப் பெரிய கார்டுகளின் சூட்டை அந்த வடிவம் தாங்காது என்பதை 2017-இல் நிறுவனமே ஒப்புக்கொண்டது, 2019-இல் ஸ்லாட் வைத்த டவருக்குத் திரும்பியது. நாளைய சில்லு எங்கே சூடாகும் என்று தெரியாதவரை காலி இடம் வைத்திருப்பவனே பிழைப்பான்.

சில்லுவண்டு:
அது 450 வாட்டுக்காரர்களின் கவலை. 120 வாட் சில்லுக்கு அந்தக் காலி இடம் எதற்கு?

தாமிரக்கம்பி:
வடிவம் அப்படியே இருக்க, வயர்தான் மாறும் என்பது என் கட்சி. 600 வாட்டை 12 வோல்ட்டில் அனுப்பினால் 50 ஆம்பியர். கார்டின் 16 முனை கனெக்டரில் அதை ஆறு பின்கள் பகிர்கின்றன, தலைக்கு 8.3. செருகல் முழுதாக உட்காராவிட்டாலோ, வாயருகே கேபிளை மடித்தாலோ சில பின்கள் மட்டும் சுமையை ஏற்று உருகுகின்றன. 35 மிமீ நேராக விட்டுப் பிறகு மடிக்கச் சொல்கிறார்கள், ஆனால் அகலமான கார்டு மாட்டினால் கண்ணாடிக் கதவு அதற்கு இடம் தருவதில்லை. இதற்கு மாற்றாக, ஆசுஸின் பிடிஎஃப் என்ற போர்டு வரிசையில் கார்டின் மின்சாரத்தையே போர்டு வழியாகத் தனி ஸ்லாட்டில் கொடுக்கிறார்கள், மற்ற கனெக்டர்கள் போர்டின் முதுகுக்குப் போய்விட்டன.

ஸ்க்ரூடிரைவர்:
நல்ல யோசனைதான். ஆனால் முதுகில் கனெக்டர் வைக்கும் போர்டுகளில் எம்எஸ்ஐ ப்ராஜெக்ட் ஜீரோ, ஜிகாபைட் ஸ்டெல்த், ஆசுஸ் பிடிஎஃப் என்று ஆளுக்கொரு இடத்தில் கனெக்டர். கேபினெட் தட்டில் அதற்கேற்ற துளை இல்லையென்றால் போர்டு உட்காரவே உட்காராது. முதலில் இந்த மூவரும் துளையை ஒரே இடத்தில் வைக்கட்டும், பிறகு பத்து ஆண்டைப் பற்றிப் பேசலாம்.