பைத்தானில் சரத்தைப் பிரிக்கும்போது வெற்றுச் சொற்கள் வருவது ஏன்?

கேள்வி:
வணக்கம். தமிழ்க் கட்டுரைகள் அடங்கிய ஒரு கோப்பை வரிவரியாகப் படித்து, ஒவ்வொரு சொல்லும் எத்தனை முறை வருகிறது என்று எண்ணும் நிரலைப் பைத்தான் 3இல் எழுதி வருகிறேன். சரத்தை, அதாவது எழுத்துகளின் தொடரை, துண்டுகளாகப் பிரிக்கும் ஸ்பிளிட் (split) செயற்கூற்றின் அடைப்புக்குள் ஒற்றை இடைவெளியைப் பிரிப்பானாகக் கொடுத்திருக்கிறேன். எழுத்தே இல்லாத வெற்றுச் சரம்தான் பட்டியலில் முதலிடத்தில் நிற்கிறது. ‘வந்தது’ என்ற சொல்லும் இரண்டு தனிச் சொற்களாக எண்ணப்பட்டிருக்கிறது. அச்சிட்டுப் பார்த்தால் வேறுபாடு தெரியவில்லை.

பதில் 1:
இரண்டுக்கும் காரணம் அந்த ஒற்றை இடைவெளிதான். பிரிப்பானை நாமே குறிப்பிட்டால், அது வரும் ஒவ்வோர் இடத்திலும் பைத்தான் வெட்டும். ஆகவே ‘மழை’க்கும் ‘வந்தது’க்கும் நடுவில் மூன்று இடைவெளிகள் இருந்தால் இரண்டு வெற்றுச் சரங்கள் கிடைக்கும். வரியின் இறுதியிலுள்ள புதுவரிக் குறி இடைவெளி அல்ல என்பதால், அது வெட்டப்படாமல் கடைசிச் சொல்லோடு ஒட்டிக்கொள்கிறது. வரியின் நடுவில் வந்த ‘வந்தது’ வேறு, இறுதியில் வந்தது வேறு என்று கணக்காவது இதனால்தான். மறைந்திருக்கும் குறிகளையும் காட்டும் ரெப்ர் (repr) செயற்கூற்றைக் கொண்டு அச்சிட்டால் அக்குறி கண்ணுக்குத் தெரியும்.

அடைப்பை வெறுமையாக விட்டுவிடுங்கள். அப்போது இடைவெளி, டேப், புதுவரி ஆகியவை எத்தனை அடுத்தடுத்து வந்தாலும் ஒரே பிரிப்பாகக் கொள்ளப்படும். தொடக்கத்திலும் முடிவிலும் உள்ளவை கைவிடப்படும். வெற்று வரிக்கு வெற்றுப் பட்டியலே கிடைக்கும்.

பதில் 2:
மேலே சொன்னது சரி. ஆனால் இணையத்திலிருந்து நகலெடுத்த உரை என்றால் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். ஒவ்வொரு குறிக்கும் ஓர் எண் தரும் யுனிகோடு முறையில் எண் 160 கொண்ட, வரி முறியாத இடைவெளியை வெறும் ஸ்பிளிட் பிரித்துவிடும். 8203ஆம் எண்ணுள்ள அகலமற்ற இடைவெளியைப் பிரிக்காது, ஏனெனில் பெயரில் இடைவெளி என்றிருந்தாலும் யுனிகோடு அதனை வெற்றிடக் குறிகளில் சேர்க்கவில்லை. 8204ஆம் எண்ணுள்ள இணைப்புத் தடுப்பானும், அதாவது எழுத்துகள் இணைவதைத் தடுக்கும் கண்ணுக்குத் தெரியாத குறியும், அப்படியே. அது தமிழ்ச் சொற்களின் இறுதியில் தங்கிவிடுவதுண்டு. பிரிப்பதற்கு முன்பே ஒன்றை மற்றொன்றால் மாற்றும் ரீப்ளேஸ் (replace) செயற்கூற்றைக் கொண்டு இவற்றை நீக்குவது நல்லது.

பதில் 3:
டேப்பால் பிரிக்கப்பட்ட அட்டவணைக்கு மட்டும் அடைப்பை வெறுமையாக விடும் முறையைக் கையாள வேண்டாம் என்று வலியுறுத்திச் சொல்கிறேன். காலியான கட்டம் ஒன்று இருந்தால் இரு டேப்புகள் ஒன்றாகி, அடுத்த நெடுவரிசைகள் எல்லாம் இடம் மாறிவிடும், பிழைச் செய்தி எதுவும் வராது. அங்கே டேப்பையே பிரிப்பானாகக் கொடுக்க வேண்டும். வெற்றுச் சரம் அங்கே தேவையான தகவல்.

கேட்டவர்:
மிக்க நன்றி. அடைப்பை வெறுமையாக்கியதும் வெற்றுச் சரம் மறைந்தது. சில சொற்கள் பிறகும் இரட்டையாகவே நின்றன. ரெப்ர் கொண்டு பார்த்தபோது அவற்றின் இறுதியில் 8204 இருந்தது.